கூழைக்கடாவைத் தூக்கியவன்

1974 ஜூலை 9, செவ்வாய்

காலையில் பனி; இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். ஹொக்கிப் பயிற்சி இல்லை. செய்ய வேண்டியவை: சப்பாத்துக்கு லேஸ், வீட்டுக்குக் கடிதம், பிஷப்பின் சொண்டுக்கு மெழுகு.

பிஷப், எங்கள் கல்லூரி விடுதியின் பஞ்சடைத்த கூழைக்கடா. அணிக்கும் அதனால்தான் பெலிக்கன்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் ஏரிக்கரை மைதானத்தில் எங்கள் பந்தை விழுங்கிய பறவையாம். போன வருடம் கேட்டபோது விழுங்கியது கப்டனின் தொப்பி. எதுவோ. இரண்டு வருடமாகத் தூசு தட்டியது நான். இறக்கை தைத்தது நான். விழுந்த கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் வைத்ததும் நான். எதிர் விடுதியோடு ஆட்டம் வந்தால் எங்களில் ஒருவன் அதைத் தோளில் வைத்து மைதானத்தைச் சுற்ற வேண்டும். இந்த வருடம் என் முறை. யாரும் சொல்லவில்லை. வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

ஜூலை 11, வியாழன்

மோகனிடம் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச்சில்தான் ஈப்போவிலிருந்து வந்தான். விடுதியில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். சாப்பாட்டு மேசையில் கப்டன் பிரூஸ் அவன் முதுகில் தட்டி, "பிஷப் உன் பொறுப்பு, டைகர்" என்றான். டைகராம். என்னை இன்னும் "மேட்" என்றுதான் கூப்பிடுகிறான், பெயர் வாயில் வராததால்.

பிறகு மோகன் என் அறைக்கு வந்தான்.

"அண்ணே, நீங்கதான் தூக்குவீங்கன்னு நெனச்சேன்லா. பிரூஸ்கிட்ட சொல்லவா?"

"வேண்டாம் தம்பி. நீர் தூக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்.

ஜூலை 12, வெள்ளி

மழை. கடிதம் இன்னும் எழுதவில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் பறவையைத் திருடுவது எதிர் விடுதிக்காரரின் வழக்கம். சப்பாத்து அறையில் வைத்துப் பூட்டுவது எங்கள் வழக்கம். திறப்பு மோகனிடம்.

"சொண்டுக்கு மெழுகு போட வேணும். திறப்பைத் தாரும்."

உடனே தந்தான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மெழுகு போட்டேன். நன்றாகத்தான் போட்டேன். ஜன்னல் கொண்டியை எடுத்துவிட்டேன். கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தேன். சாப்பாட்டு மணி. ஆட்டிறைச்சி, அவித்த கரட். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்பத் தேவையில்லை.

ஜூலை 13, சனி

பிஷப் இல்லை. ஜன்னல் திறந்தபடி. தரையில் சேற்றுக் கால்தடங்கள்.

பிரூஸ் எல்லோரையும் நிறுத்திக் கேட்டான். ஜன்னலைத் திறந்தது யார்? நான் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டினேன். மோகன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில், "நான்தான். காற்றுக்குத் திறந்தேன், மறந்துவிட்டேன்" என்றான்.

தொலைத்தவன் தனியாகப் போய், எதிர் விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைமேல் ஏறி, அவர்கள் கேட்பதைச் செய்து பறவையை மீட்க வேண்டும். அதுவும் வழக்கம். போனான். பாடச் சொன்னார்களாம். தமிழில் ஏதோ பாடினானாம். நூறு பேர் மேசையில் தட்டித் தாளம் போட்டார்களாம். எங்கள் விடுதி வாசல் வரை தோளில் தூக்கி வந்தார்கள், அவனையும் பறவையையும்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒருவருக்கும் கவலையில்லை. எல்லோர் வாயிலும் டைகர்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். துவைக்கும் இடத்தில் மோகன்.

"மெழுகு நல்லா போட்டிருந்தீங்கண்ணே. எல்லாரும் சொன்னாங்க." பிழிந்த சட்டையை உதறினான். "அடுத்த வருஷம் ஜன்னலையும் பாத்துக்குவோம்."

"ஓம்" என்றேன். மன்னிப்புக் கேட்காமல் வாளித் தண்ணீரைக் கொட்டினேன்.

மத்தியானம் பிரூஸ் அறிவித்தான். இனி ஒவ்வொரு வருடமும் பிஷப்பைத் தூக்குபவன் எதிர் விடுதிக்குப் போய்த் தமிழில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். டைகர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பான். அதுவும் இனி வழக்கம்.

இன்னும் பத்து வருடத்தில் யாராவது கேட்பார்கள், ஏன் இந்தப் பாட்டு என்று. மோகன் என்று ஒருவன் இருந்தான், ஜன்னலைத் திறந்துவிட்டான் என்பார்கள். நான் செய்த ஒரே காரியம். அதுவும் அவன் பெயரில்.