பத்தொன்பதாவது கை

1777 செப்டம்பர் 18, ஹட்சன் ஆற்றங்கரைப் பாசறை
விடுதலைப் போருக்கு எங்கள் ஊர்ப்படை பதிந்துகொண்ட அறுபது நாள் கெடு இன்றோடு முடிந்தது. "இன்னும் நாலே நாள் இருங்கப்பா, ஆங்கிலேயன் பக்கத்துல வந்துட்டான்" என்று தளபதி கெஞ்சினார். ஊர்ப்படையில் எதற்கும் வாக்கெடுப்புதான். என்னைத் தலைவனாக்கியதும் வாக்குதான் - எனக்கு விழுந்ததா, என் ஆப்பிள் கள்ளுக்கு விழுந்ததா என்பது வேறு விஷயம். இருக்கலாம் என்று பதினெட்டுக் கை. போகலாம் என்று பதினெட்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோட்டத்தில் பழம் அழுகுமே என்று நினைத்தேன். என் கை தானாக உயர்ந்தது.
தானாகவா?

செப்டம்பர் 21
வீடு. மகள் கெசியா ஓடி வந்தாள். "சண்டை முடிஞ்சிடுச்சாப்பா?"
"நாள் முடிஞ்சிடுச்சும்மா. பெரும்பான்மை முடிவு."
காலணியைக் கழற்றக் குனிந்தவன், வெகுநேரம் நிமிரவில்லை.

செப்டம்பர் 24
நாங்கள் கிளம்பிய மறுநாளே பெரிய சண்டையாம். கொல்லன் ஜோத்தம் மட்டும் எங்களோடு வராமல் பக்கத்து ஊர்ப்படையில் சேர்ந்துகொண்டான். அவனைப் பற்றித் தகவல் இல்லை.

செப்டம்பர் 25
பழம் பறித்தேன். நல்ல விளைச்சல். நாசமாய்ப் போக.

அக்டோபர் 16
ஜோத்தம் வந்துவிட்டான். இடது கை முழங்கையோடு போய்விட்டது. கொல்லனுக்குக் கை! கெசியாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு கூடைப் பழத்தோடு போய் நின்றேன். எனக்கும் புத்தி இருக்கிறதே.
"என்ன கேப்டன், பழமெல்லாம் தப்பிச்சிடுச்சு போல?" சிரித்துத்தான் கேட்டான். அடித்திருந்தால் தேவலை.
திரும்பும் வழியில் கெசியா கேட்டாள்: "வாக்கு எத்தனைக்கு எத்தனைப்பா?"
"பத்தொன்பதுக்குப் பதினெட்டு."
நின்றுவிட்டாள். "உங்க கை?"
சொன்னேன். எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்விட்டாள்.

1778 மே 5
ஊர்ப்படையின் பயிற்சி நாள். தலைவர் தேர்தல். என் பெயரையே கத்தினார்கள் - கள் பீப்பாய் கண்ணில் பட்டுவிட்டது போலும். வேலியோரம் கெசியா நின்றிருந்தாள். படையைப் பார்த்து, "அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தது பெரும்பான்மை இல்லப்பா. என் கை. எனக்குப் பழம்தான் பெருசாத் தெரிஞ்சுது" என்றேன். ஜோத்தம் பெயரைச் சொன்னேன். முப்பது கைகளுக்கு மேல் எழுந்தன.
கடைசி வரிசையில் போய் நின்றேன். "யாருய்யா அது கடைசியில, தொப்பையை உள்ள இழு!" என்றான் புதுத் தலைவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
"எத்தனை நாளைக்குப் பதியட்டும்?" என்று எழுத்தர் கேட்டார்.
"ஜோத்தம் போகச் சொல்ற வரைக்கும்."
"அப்படி எழுத இதுல இடம் இல்லையே!"
"ஓரத்துல எழுதுங்க."
வீடு திரும்பும்போது கெசியா முன்னால் போகவில்லை.