நீல டிரம்மில் வைத்த எருக்கு

ஐப்பசி, வியாழன்.

எங்கள் தெரு பட்டாம்பூச்சித் தோட்டத்தில் இன்று புழுக்கள் செத்துக் கிடந்தன. இங்கே மண்ணெல்லாம் உப்பு. அதனால் தெருவே சேர்ந்து சிமெண்டுத் தொட்டிகளிலும் டிரம்மிலும் பட்டாம்பூச்சிகள் முட்டையிட எருக்கு வைத்தோம். தொட்டிச் செடிகளில் கோடு போட்ட புழுக்கள் நன்றாக மேய்கின்றன. என் வீட்டுக்காரர் தான் வேலை செய்யும் தோல் டேனரியிலிருந்து கொண்டுவந்து அறுத்த நீல டிரம்மில் மட்டும் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மண்ணை முகர்ந்தார். "இதுல இன்னா மருந்து இருந்துச்சு? கழுவுனீங்களா?"

"சோப்பு போட்டுத்தான்க்கா கழுவுனோம்."

அவர் முகமே மாறிவிட்டது. விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா பேஜார் பண்ணாத. ஊரே இந்த டிரம்முதான் வச்சினு இருக்குது" என்றார். ஆனால் சாப்பாட்டிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கிருக்கும் எங்கள் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அதுவும் அதே டேனரி டிரம்தான். அதே சோப்புதான் போட்டுக் கழுவினோம். கோடையிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

இப்போது பாப்பா தண்ணீர் கேட்கிறாள். ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு சொம்பு வாங்கி வரலாம். ஆனால் அவர்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மும் இவர் கொண்டுவந்து கொடுத்ததுதான்.