ஜன்னலில் நின்றவள் எதைப் பார்த்தாள்?

ஜூன் 10, செவ்வாய்

பின்கட்டில் குடியிருக்கும் கிரேஸ் ஒரு கட்டுரையைத் திருத்தக் கொடுத்தாள். கல்லூரியில் ஊடகவியல் சொல்லிக்கொடுக்கிறவள். அடுத்த மாதக் கருத்தரங்கில் படிக்கப் போகிறாளாம். ஒற்றுப் பிழைகள் தாராளம். அதைவிட, எடுத்துக்கொண்ட பொருள் – பேய்ப்படங்களின் ட்ரெய்லர்.

"இதற்கெல்லாம் ஆராய்ச்சியா?" என்றேன்.

"ஒண்ணு பாருங்க ஆன்ட்டி. சத்தம் இல்லாம பாருங்க. அப்புறம் திட்டுங்க."

பார்த்தேன். ஒரு பெண் கையில் விளக்குடன் இருட்டான கூடத்தில் தனியாக நடக்கிறாள். கேமரா அவள் முதுகைத் தொடர்ந்து போகிறது.

"இப்ப அவ பின்னாடி யார் நடக்கிறாங்க?"

"பேய்."

"இல்ல ஆன்ட்டி. நீங்க."

காபி ஆறிவிட்டது. அவள் சொன்னது உண்மை. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது நான்தான். பேயின் கண்ணைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள், நானும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

திட்டவில்லை. கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 11

கட்டுரையில் ஒரு வரி: "பேயை நாம் பார்க்கிறோம்; பேய் எதைப் பார்க்கிறது என்று யாரும் நமக்குக் காட்டுவதில்லை." பிழையில்லாத வரி.

ஜூன் 14, சனி

குளித்துவிட்டு, பூஜை முடித்து, ட்ரெய்லர்கள் பார்த்தேன். ஏகாம்பரநாதர் இதையும் மன்னிக்கட்டும்.

இத்தனை நாளும் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? ஆண் பயந்தால் அவன் எதைக் கண்டு பயந்தான் என்பதை உடனே காட்டுகிறார்கள். பெண் பயந்தால் அவள் முகத்தையே காட்டுகிறார்கள், நிறுத்தி நிதானமாக, ஏதோ விற்பனைக்கு வைத்த பொருளைப் போல. அவளே பேயாகிவிட்டால் முகத்தைக்கூட முழுதாகக் காட்டுவதில்லை. தலைமயிர், ஒரு கண், விரல் நுனி.

புடவை விஷயத்தில் நான் கண்டது கிரேஸின் கட்டுரையில் இல்லை. உயிரோடு இருக்கும் பெண்கள் சுடிதார். பேய்களோ ஒன்று வெள்ளைப் புடவை, அல்லது அரக்குச் சிவப்பில் முகூர்த்தப் பட்டு. விதவையும் மணப்பெண்ணும். நடுவில் உள்ளவர்களுக்குப் பேயாக அனுமதி இல்லை போலும். இதைச் சொன்னபோது கிரேஸ் எழுதிக்கொண்டே சிரித்தாள்.

"இந்த பாயின்ட்ட நான் எடுத்துக்கலாமா ஆன்ட்டி?"

"எடுத்துக்கொள். அடிக்குறிப்பில் என் பெயரைப் போடு. ஏலவார்குழலி மயில்வாகனம். இனிஷியல் போட்டுச் சுருக்காதே."

ஜூன் 19, வியாழன்

எதிர்வீட்டு ரேணுகாம்பாள் கைப்பேசியுடன் ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரர் கந்தன் தறி போட்டிருக்கிறார். "பெரிம்மா, இன்னா நீங்க, சினிமால நடிச்சிட்டு ஒரு வார்த்த சொல்லாம இருந்துகினு இருக்கிறீங்க?"

மாசி மாதம் நம் தெருவில் படம் பிடித்தார்களே, அந்தப் படத்தின் ட்ரெய்லர். கதாநாயகன் வண்டியை விட்டு இறங்குகிறான், நிமிர்ந்து பார்க்கிறான். மாடி ஜன்னலில் ஒரு கிழவி – கம்பிக்குப் பின்னால், வாய் பாதி திறந்து, கண்கள் கொதித்து. பின்னணியில் முரசு போல ஒரு அடி முழக்கம். அவன் கீழே விழுகிறான். இரத்த எழுத்தில் படத்தின் பெயர்.

கிழவி நான்.

என்னை யாரும் கேட்கவில்லை. என் புடவை வெளிர்நீலம், அதையும் வெள்ளையாக்கியிருக்கிறார்கள். நெற்றியில் இருந்த திருநீறு எங்கே போனது?

ரேணுகா போன பிறகு கீழே எழுதியிருந்த கருத்துகளைப் படித்தேன். ஒருவன்: "நல்ல காரியத்துக்குப் போறவங்க இந்த ஜன்னலைப் பாக்காதீங்க."

ஜூன் 20

ஜன்னலைச் சாத்திவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேலே பார்த்துக் கை காட்டிவிட்டு ஓடுகிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

கிரேஸ் சர்ச்சிலிருந்து நேராக இங்கே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவளும் அந்த ட்ரெய்லரைப் பார்த்திருக்கிறாள். அவள் கட்டுரைக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. நான் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவாளாம்.

"மானம் போனது போதாதா? கல்லூரியிலும் போக வேண்டுமா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சரி ஆன்ட்டி. விட்டுடறேன்." வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு ஜன்னல்லேர்ந்து எதப் பாத்தீங்க?"

இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

ஜூன் 23

நினைவு வந்துவிட்டது.

விடிந்த நேரம். தெரு நெடுகக் கந்தனின் பாவு நீட்டியிருந்தது, தறிக்கு ஏற்ற வேண்டிய பட்டிழைகள், கோல்களின் மேல் விறைப்பாக. சினிமா ஆட்கள் பெரிய விளக்கு ஒன்றை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அதன் இரும்புக் கால் பாவின் மேல் இறங்கப் போகிறது. கந்தன் தெருக்கோடியில் முதுகைக் காட்டி நிற்கிறார். நான் பார்த்தது அதைத்தான். திறந்த வாயில் வெளிவராமல் நின்றது "எடுடா காலை" என்ற வார்த்தை.

இறங்கியும் விட்டது. இழைகள் அறுந்தன. சண்டை நடந்தது. ஆனால் ட்ரெய்லரில் பாவு இல்லை, விளக்கு இல்லை, கந்தன் இல்லை. என் பார்வையை வைத்துக்கொண்டு நான் பார்த்ததை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கதாநாயகனை ஒட்டியிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தபோது கோபம் வரவில்லை. ஏதோ கோபுரத்தின் உள்படிக்கட்டில் ஏறி, உச்சியில் ஒரு துவாரம் வழியாக ஊரைப் பார்த்தது போல இருந்தது. எவ்வளவு சுலபம். ஒரே ஒரு வெட்டு. மனுஷி பேயாகிவிடுகிறாள்.

கிரேஸைக் கூப்பிட்டேன். "போட்டுக் காட்டு. நானும் வருகிறேன்."

ஜூலை 5, சனி

கருத்தரங்கு. மயில்கழுத்துப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசை.

இருட்டில் என் முகம் சுவர் அளவுக்கு வந்தது. அடி முழக்கம். முன்வரிசைப் பிள்ளைகள் அலறிவிட்டுச் சிரித்தார்கள். நானே திடுக்கிட்டேன், என் முகத்துக்கே.

கிரேஸ் சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் திரையில் நிற்க வைத்தாள். "இந்தம்மா எதப் பாக்கறாங்க?"

"ஹீரோவ, மேம்."

"அவன் சாவ."

"அடுத்த பலியப் பாக்குது மேம்." மறுபடி சிரிப்பு.

நான் எழுந்தேன். முழங்கால் வலியும் தெரியவில்லை. "தெருவில் நீட்டியிருந்த பட்டுப் பாவைப் பார்த்தேன்," என்றேன். "உங்கள் சினிமாக்காரர்கள் அதன்மேல் விளக்கை இறக்கினார்கள்."

எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ ஒரு பெண் – நிச்சயம் தறிவீட்டுப் பெண் – "அய்யய்யோ" என்றாள். எனக்காக அல்ல, பாவுக்காக. அந்த ஒரு சொல்லில் அரங்கம் அடங்கிவிட்டது.

கிரேஸ் அதே காட்சியை மறுபடி போட்டாள். ஒரு துளியும் மாற்றவில்லை. அதே முகம், அதே வாய். ஆனால் ஒருவரும் அலறவில்லை. கோபத்தில் இருக்கும் ஒரு பெண்மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் மாறவில்லை. நாங்கள் எல்லோரும்தான் மாறியிருந்தோம், அந்த இருட்டிலேயே, ஒரு வாக்கியத்தில். கோயில்களில்கூட இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அந்தத் தறிவீட்டுப் பெண் கை தூக்கினாள். "அப்பறம் ஏன் ஆன்ட்டி கீழ எறங்கி வரல? வாய் பாதிதான தொறந்திருக்கு, கத்தக்கூட இல்லியே?"

உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 6

ஏன் இறங்கவில்லை?

ஜூலை 7, திங்கள்

அவர் போனதிலிருந்து, தெருவில் பாவு நீட்டும் காலையில் நான் படி இறங்கியதில்லை. புதுப் பாவுக்குக் கற்பூரம் காட்டுவார்கள், மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அந்த நேரத்தில் என்னைப் போன்றவள் எதிரில் நிற்பதில்லை. யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. சொல்வதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்று நானே முந்திக்கொண்டு மாடிக்குப் போனேன். அதைக் கௌரவம் என்று நினைத்தேன்.

சினிமாக்காரன் என்னை அந்த ஜன்னலில் கொண்டுபோய் வைக்கவில்லை. நான் அங்கே நின்றிருந்தேன், தயாராக. அவன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

தெருவும் அதே ட்ரெய்லரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சத்தம் இல்லாமல்.

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறப்பதற்குள் ஏற்றிவிட வேண்டுமென்று கந்தன் இன்று பாவு நீட்டினார். இறங்கிப் போனேன்.

ரேணுகா கற்பூரத் தட்டுடன் அப்படியே நின்றுவிட்டாள். கையில் பையுடன் புறப்பட்ட பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் என்னைக் கண்டதும், எதையோ மறந்தவர் போல வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் அங்கேயே நின்றேன்.

"தாகம் தீர்ந்ததா கண்ணாயிரம்? இப்போது போகலாமே," என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

கந்தன் கோலைச் சரிசெய்தபடியே, "அன்னிக்கே பெரிம்மா கீழ இருந்திருந்தா ஒருத்தன் விளக்க வச்சிருப்பானா? மொகத்தப் பாத்தே ஓடிருப்பானுங்க. சினிமால ஒருத்தன் விழுந்தான்ல," என்றார். ரேணுகா சிரித்துவிட்டாள். தட்டு ஆடியது. கற்பூரம் ஏற்றி, பாவுக்குக் காட்டி, சற்றுத் தயங்கி, என் பக்கமும் நீட்டினாள். ஒற்றிக்கொண்டேன்.

"பெரிம்மா, நடுவுல எங்கியோ ஒரு இழ அறுந்துகினு இருக்குது. உங்க கண்ணுக்குத் தெரியுதா பாருங்க."

தெரிந்தது. காட்டினேன். இழையை முடிச்சிட்டுச் சேர்த்தார்கள்.

திரும்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். இன்று காலை நான் திறந்து வைத்த ஜன்னல் அப்படியே திறந்திருந்தது. கீழிருந்து பார்க்க அது இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.