அம்பு கோட்டைத் தொடும்போது

"இந்த வயசுல கம்ப்யூட்டர்ல பாட்டு விளையாட்டா?" என்று சௌந்தரம் நேற்று கணவர் பொன்ராஜின் ஆட்டத்தை நடுவிலேயே அணைத்துவிட்டாள். அவர் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். காலையில் பந்தல்குடிக்குக் கிளம்புமுன் அவருக்குச் சீட்டு எழுதினாள்.

"குழம்பைச் சுட வச்சுக்கங்க. பக்கவாதம் வந்த வலது கைவிரலு பழகத்தான் ஆடுறீகன்னு மக போன்ல சொன்னா. நீங்க எந்திரிக்குமுன்ன நானும் ஆடிப் பாத்தேன். மேலேருந்து இறங்குற அம்பு, திரையில கீழ போட்டிருக்குற கோட்டைத் தொடும்போது அது காட்டுற பக்கத்துப் பட்டனை அமுக்கணும். கண்ணை நம்புனா பிந்திப்போகுது, தாளத்தைக் கேட்டு அமுக்குனா சரியா விழுகுது. பத்துத் தப்புல என் ஆட்டம் முடிஞ்சிருச்சு."

ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "நேத்து அணைச்சது தப்புதான்."

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது, சீட்டின் கீழே கோணல்மாணலாக, வலது கையாலேயே அவர் எழுதியிருந்தார்: "வா, சேந்து ஆடுவோம்."