கரண்டிச் சோறு

அன்புள்ள அத்தானுக்கு,

அடையாறு வீட்டிலிருந்து சந்திரிகா. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நம் கயலும் சுகம்தானே? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு. பரிசோதித்ததில், குடலில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். வீட்டுக்கார அக்கா என்னையும் பரிசோதிக்கச் சொன்னார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் கையால ஊட்டாத சந்திரிகா, ஸ்பூன்லயே குடு" என்றார்.

பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. இந்த வீட்டுத் தரைக்கடித் தொட்டித் தண்ணீரில்தான் சாக்கடை கலந்திருந்ததாம். ஆனாலும் இன்னும் கரண்டியில்தான் ஊட்டுகிறேன். கையால் ஊட்டு என்று சொல்ல அக்கா மறந்துவிட்டார் போல.

கயலுக்கும் பேதி விட்டுவிட்டு வருகிறதே, பல் முளைக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். நகத்தை அவள் தூங்கும்போது வெட்டுங்கள், விழித்திருந்தால் என்னைத் தவிர யாரிடமும் கையை நீட்டமாட்டாள்.

அக்கா கூப்பிடுகிறார். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு கயலுக்குக் கையாலேயே ஊட்டுங்கள், அத்தான். "அம்மாவுக்கு ஒரு வாய்" என்றால் உடனே வாயைத் திறப்பாள். இப்போதும் திறக்கிறாளா என்று மட்டும் எழுதுங்கள்.

சந்திரிகா