பந்தலுக்குப் போன குறுக்குக் குழாய்கள்

என் பேச்சை ஒருநாளும் முழுசாக நம்பாத, ஆனாலும் எனக்கே முதல் தட்டு சோறு போட்ட செல்லம்மா அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் கையெழுத்து, அங்கங்கே கோணலாகத்தான் இருக்கும். ஆனால் கடிதம் எழுதுவதில் எனக்கு இந்த வட்டாரத்தில் பேர் உண்டு. நான் எழுதிய மனு ஒன்றைக் கலெக்டர் ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை, வேலை அதிகம்.

நீ கண்ணை மூடிய பிறகு பென்னலூரில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. உன் வீட்டு மாடியில் ஒடிசாப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருத்தன் ஷிப்டுக்குப் போனால் அதே பாயில் இன்னொருத்தன் வந்து படுக்கிறான். நீ வேலை பார்த்த இருங்காட்டுக்கோட்டை கேன்டீனில் இட்லி சின்னதாகிவிட்டது என்று சொல்கிறார்கள். அழுகை வருகிற மாதிரி எழுத எனக்கு வராது, அக்கா. சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சேதி உன் பெண்ணைப் பற்றியது.

சுகந்தி ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றாய். சிவில் படித்தவளுக்கு ஏது ஏசி? ஒரகடத்தில் ஒரு புது பேக்டரி எழும்புகிறது. அங்கே தலையில் ஹெல்மெட்டோடு வெயிலில் நிற்கிறாள். அதே சைட்டில் சென்ட்ரிங் வேலை என்னுடையது. கான்கிரீட்டைத் தாங்குவதற்குக் கீழே முட்டுக் குழாய் நிறுத்தி, மேலே பலகை அடிக்கிற வேலை. என் பேரைச் சொன்னதால்தான் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பியவன் நான்தான்.

அவள் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி என் வாய் வலித்துவிட்டது. கட்டடம் காலத்துக்கும் நிற்கும். ஆனால் அது எழும்புகிற வரைக்கும் அதைத் தாங்குவதெல்லாம் கொஞ்ச நாள் சமாச்சாரம். சாரம், முட்டு, பலகை, மண் சரியாமல் இருக்க அடிக்கிற தகடு எல்லாம் அதில் வரும். ஒவ்வொன்றையும் ஒருவன் வரைகிறான், ஒருவன் கட்டுகிறான், வேறொருவன் ஏறுகிறான், இன்னொருவன் பிரிக்கிறான். ஒருத்தன் செய்வது இன்னொருத்தனுக்குத் தெரியாது. அத்தனை பேரையும் ஒரே கயிற்றில் பிடித்திருப்பதுதான் அவள் வேலை. ‘டெம்பரவரி ஒர்க்ஸ்’ என்று அதற்குப் பேர். உன் நாத்தனார் கேட்டுவிட்டு, “ஐயோ, டெம்பரவரியா? இன்னும் பர்மனென்ட் ஆவலையா?” என்று கன்னத்தில் கை வைத்தாள்.

அவளிடம் இரண்டு அட்டைகள் உண்டு. எல்லாம் பார்த்து, திருப்தியானால் முட்டில் பச்சை அட்டையைத் தொங்கவிடுவாள். இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு தொங்கினால் காக்கா கூட மேலே உட்காரக் கூடாது. என்னை சைட்டில் ‘மேஸ்திரி’ என்றுதான் கூப்பிடுவாள். கேட்டைத் தாண்டி என் பைக்கில் ஏறினால்தான் ‘மாமா’. எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். வெளியே சொன்னதில்லை.

முதல் மாடிக்குக் கான்கிரீட் போடுகிற நாள். உயரமென்றால் பனைமர உயரம். சிரிக்காதே, பேக்டரி என்றால் அப்படித்தான் இருக்கும். கீழே என் குழாய்கள் சவுக்குத் தோப்பு மாதிரி நிற்கின்றன. நிற்கிற குழாய் ஆடாமல் இருக்க, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே குறுக்குக் குழாய் போட்டிருந்தோம். முந்தின நாள் சாயங்காலமே சுகந்தி உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுப் பச்சை அட்டை மாட்டியிருந்தாள்.

கான்கிரீட்டுக்கு முன்னால் பூஜை. வெளிநாட்டு முதலாளியே வருகிறார் என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. கூட வருகிறவர்களும் அதிகம். பந்தல்காரன் கன்னியப்பனிடம் பந்தலை இன்னும் நீட்டச் சொல்லிவிட்டார்கள். அவன் வண்டியோ குழாய்களோடு ஒரகடம் கூட்டு ரோட்டில் மாட்டிக்கொண்டது.

காலையில் என் ஆட்கள் மேலே ஏறிவிட்டார்கள். கான்கிரீட்டை மேலே ஏற்றுகிற பம்பு ரெடி. கான்கிரீட் லாரிகள் கேட்டில் வரிசையாக நிற்கின்றன. சுகந்தி கடைசியாக ஒருதரம் சுற்றிப் பார்க்க வந்தவள், பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். பந்தல் கால்களுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக ஜிகினாத் துணி சுற்றியிருந்தான். ஒரு காலில் துணி கொஞ்சம் நழுவி, அடியில் மஞ்சள் பட்டை தெரிந்தது. மஞ்சள் பட்டை அடித்தவை எங்கள் சைட்டுக் குழாய்கள்.

“கன்னியப்பண்ணே, இந்தக் குழாய் எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“உள்ள கீதே மேடம், அதுலேர்ந்து. குறுக்கால சும்மா கட்டி வெச்சிருந்தாங்க. நிக்கிற குழாயில விரல் கூடப் படலை, சத்தியமா. நானும் பந்தல் போட்றவன், நிக்கிறதைத் தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பூஜை முடிஞ்சதும் திருப்பி மாட்டிட்றோம்.”

பூஜை முடிந்த கையோடு கான்கிரீட் விழும். அவன் கணக்கில் அது இல்லை. அவன் கட்டுகிற பந்தலுக்கு மேலே துணி மட்டும்தானே?

சுகந்தி நேராகப் போய்ப் பச்சை அட்டையைக் கழற்றிச் சிவப்பை மாட்டினாள். சைட் மேனேஜர் ஓடிவந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் சந்தனம்.

“சுகந்தி, விளையாடாதம்மா. கெஸ்ட்டுங்க ஹைவேல திரும்பிட்டாங்க. லாரி நிக்குது, கான்கிரீட் இறுகிடும். நாலு பைப் இல்லன்னா விழுந்துடுமா?”

“விழுமான்னு எனக்குத் தெரியாது சார். விழாதுன்னு கையெழுத்துப் போட முடியாது.”

“அப்ப நாளைக்கு இந்த சைட்டுக்கு நீ வரவேண்டாம்.”

“சரி சார். இன்னிக்கு இருக்கேன்ல?”

அக்கா, அந்த இடத்தில் நான் சிங்கம் மாதிரி குறுக்கே பாய்ந்தேன் என்று எழுத ஆசைதான். பாயத்தான் செய்தேன். ஆனால், “ஏம்மா, இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவன் நானு, அவசரத்துக்கு நாலு மூங்கிலைக் குடுத்து...” என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை.

“மேஸ்திரி, மேல உங்க ஆளுங்க நிக்கிறாங்க. நீங்க இறக்குறீங்களா, நான் இறக்கட்டுமா?”

அந்தக் குரல் உன்னுடையது. கேன்டீனில் வரிசையில் முந்துகிறவனிடம் நீ பேசுவாயே, அது.

ஆபத்து என்று கத்தினால் என் ஆட்கள் இறங்க மாட்டார்கள். எதற்கு என்று கேட்டு அங்கேயே நின்று மூன்று பேர் விவாதம் நடத்துவார்கள். அவர்களை இறக்குகிற வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும். ஏணிக்குக் கீழே நின்று கையைக் குவித்தேன்.

“டேய், வடை வந்துகீதுடா! சூடா கீது! பின்னாடி வர்றவனுக்கு சட்னிதான்!”

மழை கொட்டினால் கூட அப்படி இறங்க மாட்டார்கள். கடைசியாக இறங்கிய முருகவேல் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“இன்னா மேஸ்திரி, வடை எங்க?”

“பந்தல்ல கீது. பிரிச்சா கெடைக்கும். வாங்கடா.”

பந்தலைப் பிரித்தோம். “எங்க போய் முட்டிக்கிறது? வாழைமரத்தை யார் தலையில சாய்க்கிறது?” என்று கன்னியப்பன் ஆடிய ஆட்டத்துக்கு மேளம்தான் இல்லை. எங்கள் குழாய்களை ஜிகினாவோடு உள்ளே கொண்டுபோய் மாட்டினோம். அவிழ்க்க நேரமில்லை, சுகந்தியும் துணியால் ஒன்றும் கெடாது என்றாள். குழாயைக் கவ்வுகிற ஒவ்வொரு கிளாம்பையும் அவள் கையால் ஆட்டிப் பார்த்தாள். வெளிநாட்டு முதலாளி குடை நிழலில் நின்று தேங்காய் உடைத்தார். ஒரே அடியில் உடைந்தது. முன்னால் நின்ற லாரியின் கான்கிரீட் நேரம் கடந்துவிட்டதால் திரும்பிப் போயிற்று. பச்சை அட்டை மாட்டியபின் மற்றவை வந்தன, போட்டோம், இருட்டுவதற்குள் முடித்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் சிக்கல், அக்கா. ஒன்றும் நடக்காததால், சுகந்தி காரணமில்லாமல் வேலையை நிறுத்தி முதலாளி முன்னால் மானத்தை வாங்கினாள் என்று மேனேஜர் மேலிடத்தில் சொல்லிவிட்டார். விசாரிக்க ஆள் வருவதாகச் சேதி.

என் பங்குக்கு நான் டீக்கடையில் அவளுக்காக வாதாடினேன். சும்மா வாதாடினால் எவன் கேட்பான்? பலகை ஒரு சாண் இறங்கியது, நான் தோளைக் கொடுத்துத் தாங்கினேன், அதற்குள் என் அக்கா பெண் வந்து நிறுத்தினாள் என்றேன். “தோளு வீங்கவே இல்லையே ஏகாம்பரம்!” என்றான் டீ மாஸ்டர். “நமக்கு வீங்காதுடா” என்றேன். கடை கைதட்டியது.

அந்தச் சாண் என்னை முந்திக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டது. தலைமை ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த அம்மா எடுத்த எடுப்பில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“மேஸ்திரி, பலகை இறங்குச்சுன்னு சொல்றீங்களாமே? கான்கிரீட் விழறதுக்கு முன்னாடியே இறங்கினா, முட்டுக் கணக்கே தப்புன்னு அர்த்தம். அதைச் சரிபார்த்தது சுகந்திதான்.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த ஹெல்மெட்டின் வாரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில் அவள் வேலை போகும். அந்த வார்த்தை என் வாயில் இருந்தது. இந்த வாயை நீ எத்தனை தரம் திட்டியிருப்பாய்?

“டீக்கடையில பேசுனது டீக்கடைக்குத்தாங்கம்மா. பலகை ஒரு நூல் கூட இறங்கலை. ஒண்ணும் ஆடலை.”

“அப்போ சும்மாதானே நிறுத்தினாங்க?” என்றார் மேனேஜர்.

“குழாய் இல்லை சார். பந்தல்ல இருந்துச்சு. பந்தல்லேர்ந்து நான்தான் அவுத்தேன், நான்தான் திருப்பி மாட்டுனேன். குழாய் இல்லாத எடத்துக்கு மேல என் ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. அவ்ளோதான் சார் தெரியும்.”

அந்த அம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார்கள். “பந்தலுக்கு யார் பர்மிஷன் குடுத்தது?”

“பந்தலுக்கா மேடம்? அது பூஜைக்கு...”

“யார்?”

மேனேஜர் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுகந்தி வேலையில் இருக்கிறாள். இப்போது பந்தல், பேனர், தோரணம் எதுவானாலும் அவள் பார்த்து அட்டை கொடுத்தால்தான் சைட்டுக்குள் நடலாம். “நாலு கொம்பு நட்றதுக்கு இன்னா பாஸ்போர்ட்டா?” என்று கன்னியப்பன் புலம்புகிறான். ஆனால் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டுதான் போகிறான்.

விசாரணை முடிந்த அன்றைக்கு அவளை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வண்டலூர் ரோட்டு சிக்னலில் நின்றபோது, “மாமா, இனிமே டீக்கடையில இன்னா சொல்வீங்க?” என்றாள்.

“ஒண்ணும் ஆவலைன்னு சொல்லுவேன்.”

“யாரும் கேக்க மாட்டாங்களே.”

அது உண்மைதான். விழுந்த கூரையைப் பார்க்க ஊரே ஓடும், டிவிக்காரன் மைக்கை நீட்டுவான். விழாத கூரையைப் பார்க்க யார் வருகிறார்கள்? அன்றைக்கு இறங்கிய ஆட்களுக்கே தாங்கள் எதிலிருந்து தப்பி இறங்கினார்கள் என்று தெரியாது. வடை கிடைக்கவில்லை என்பதுதான் ஞாபகம். அவள் தினமும் இதற்காகத்தான் போகிறாள் என்றால், இதை என்னவென்று சொல்வது அக்கா? உனக்காவது சொல்லிவைக்கலாம் என்றுதான் எழுதினேன்.

இரண்டாவது மாடிக்கு முட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. பச்சை அட்டை தொங்காமல் என் ஆள் ஒருத்தன் கூட ஏணியில் கால் வைக்க மாட்டான். மேனேஜர் கத்தினாலும், முதலாளியே வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் மாட்டான். சுகந்தியே ஒருநாள் களைத்துப்போய், “ஏறுங்க, நான் அப்புறம் மாட்டிக்கிறேன்” என்று சொன்னாலும் ஏற மாட்டான். ஏணிக்குக் கீழே நான் நிற்பேன். இது வாக்கு.

உனக்குத் தம்பி, அவளுக்குத் தாய்மாமன்,
ஏகாம்பரம்