நாலறை வீடு

1957 மே 6, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. சைக்கிள் பின் ரியூப் மறுபடி காற்றுப் போய்விட்டது. இரவு முழுக்க ஸ்கந்தபுரத்தில் பிள்ளைப்பேறு பார்த்தேன்; மருத்துவிச்சிக்கு ஏது நித்திரை. ஆண். ஏழு றாத்தல். தாய் சுகம்.

வீட்டுக்கு வந்தால் விறாந்தைக் கதிரையில் என் தம்பி சபேசன். கொழும்பிலிருந்து இரவு ரயில் கோச்சியில். கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. மூன்று கிழமை லீவாம். அக்காவைப் பார்க்க வரவில்லை என்பது தேத்தண்ணி முடிய முன்னமே தெரிந்துவிட்டது. வீட்டை விற்கவேணும். வெள்ளவத்தையில் காணி பார்த்து வைத்திருக்கிறான்.

ஐயா எழுதி வைக்காமல் கண்ணை மூடினார். பாதி அவனுக்கு, பாதி எனக்கு. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஓடு மாற்றியது யார்? கிணறு கலக்கி இறைப்பித்தது யார்? கறையான் புற்றோடு மாரடித்தது யார்? இவன் தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவன்.

"உன்ரை பாதியை நானே வாங்குறன் தம்பி. மூண்டறை வீடு. ஊர் விலை ஒன்பதாயிரம். பாதி நாலரை. காசும் நகையும் சேர்த்தால் அவ்வளவும் வரும். அதுக்கு மேல ஒரு சதமும் என்னட்டை இல்லை."

என் வாய் இருக்கிறதே! கையிருப்பை முழுக்க ஒப்புவித்தேன். அவன் சிரித்தான்.

மே 7, செவ்வாய்

ரியூப் ஒட்டியாயிற்று. புழுக்கம். இரண்டு கோழி அடையில்.

சபேசன் காலை முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பிறகு என் அறை வாசலில் நின்றான்.

"கொழும்பிலை அறைக் கணக்குத்தான் அக்கா விலை. மூண்டறைக்கு ஒரு விலை, நாலறைக்கு வேறை விலை. நாலறை எண்டால் பன்னிரண்டாயிரம் கேக்கலாம். உங்கடை அறை பதினாறடி. தனி ஆளுக்கு என்னத்துக்கு?"

தனி ஆள்.

இவனுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளித்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது இந்தத் தனி ஆள்தான். அந்த அறையில் இரண்டாவது கட்டில் கிடப்பது சும்மா இல்லை. காட்டுப் பக்கத்துப் பெண்கள் மாதம் நிறைந்ததும் என்னிடம் வந்து கிடப்பார்கள். மல்லாவியிலிருந்து மாட்டு வண்டியில் நோவோடு வர முடியுமா?

பங்காளி முறையைச் சொன்னேன். வெளியாள் என்ன விலை சொன்னாலும் முதலில் பங்காளியைக் கேட்கவேணும். அந்த விலையை நான் கொடுத்தால் எனக்குத்தான் தரவேணும்.

"ஓம் அக்கா, முறைப்படி கேப்பன். ஆறாயிரம் வைச்சிருங்கோ."

நான் வாங்கக் கூடாது என்பதற்காகவே அறையைக் கூட்டப் பார்க்கிறான்.

மே 10, வெள்ளி

இரண்டு நாள் வெளியில். இரட்டைப் பிள்ளை, இரண்டும் பெண், இரண்டும் தப்பின. கால் விண்விண்ணென்று வலி.

வந்து பார்த்தால் என் அறைக்கு நடுவில் இடுப்பளவு சுவர்! இராசு மேசன் சாந்தோடு நிற்கிறான்.

வெளியே கிடந்த சாமான்: அலுமாரி, தையல் மெசின், ஒரு கட்டில், மருந்துப் பெட்டி (பூட்டாமல்!), சரஸ்வதி படம். படத்தின் மேல் கோழி எச்சம்.

"ஆரைக் கேட்டுக் கட்டுறாய்?"

மேசன் என்னைப் பார்க்கவில்லை. "தம்பி சொன்னவர் அம்மா. நான் என்ன செய்ய?"

சரியாக யன்னலின் நடுவில் சுவர். இரண்டு அறைக்கும் வெளிச்சம் வேணுமாம். இந்தப் பக்கத்துக்கு ஒரு யன்னல் கதவு, அந்தப் பக்கத்துக்கு ஒரு யன்னல் கதவு. யன்னல் நிலையையும் அறுத்தாயிற்று. தேக்கு நிலை. ஐயா பார்த்துப் பார்த்துச் செய்வித்தது.

நாடாவை எடுத்து அளந்தேன். ஏழரை, ஏழரை; சுவர் தின்றது ஓரடி. ஐயா மனையடி சாத்திரம் பார்த்துத்தான் பதினாறு வைத்தவர். ஏழடி அறை வறுமை, அரைக்குக் கணக்கில்லை என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வாங்க வருகிறவனுக்கு இருக்குமே.

"தம்பி, ஏழடி வருது, ஆக்கள்..."

"அக்கா, உங்களுக்கு இதொண்டும் தெரியாது. பேசாமல் இருங்கோ."

நல்லது. எனக்குத் தெரியாது. பேசாமல் இருக்கிறேன். விழுந்து கும்பிட்டாலும் இனி வாய் திறக்கமாட்டேன்.

மே 15, புதன்

சுவர் முடிந்தது. வெள்ளை அடித்தாயிற்று. சுண்ணாம்பு மணத்தில் தும்மல்.

என் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கிறது. பக்கவாட்டில் நுழைகிறேன். அலுமாரி இன்னும் விறாந்தையில். அதற்குள் எறும்பு.

மல்லாவியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணிப் பிள்ளை ஒன்று தாயோடு வந்தது. படுக்க இடமில்லை என்று ஆசுபத்திரிக்கு அனுப்பினேன். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை. இவனை ஓங்கி அறையவேணும் போல இருந்தது. ஆனால் இவனுக்குச் சோறு போட்டேன். மீன் பொரித்தும் போட்டேன். என்னில்தான் கோபம்.

சபேசன் தரகரிடம் "நாலறை வீடு, நாலறை வீடு" என்று பாட்டாய்ப் பாடுகிறான்.

மே 19, ஞாயிறு

வானம் மப்பு. மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

தரகர் ஆளைக் கொண்டுவந்தார். முருகேசர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி, வயலில் நல்லாய் உழைத்த மனிசர். மகளுக்குச் சீதன வீடு தேடுகிறார். மனைவியும் கூட வந்தா. நாலறை என்று கேள்விப்பட்டு வந்தவர்களாம். சபேசன் கதிரை துடைத்துக் கொடுத்தான். எனக்கு ஒரு நாள் துடைத்திருப்பானா?

அந்த அம்மா யன்னலைத்தான் முதலில் பார்த்தா. உள்ளே போய் யன்னலின் ஒரு கதவைத் திறந்தா. வெளியே வந்து மற்ற அறைக்குள் போய் மற்றக் கதவைத் திறந்தா.

"இதென்ன, யன்னலையும் பங்கு போட்டிருக்கிறியள்?"

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

முருகேசர் மடியிலிருந்து நாடா எடுத்தார். அளந்தார். மற்ற அறையையும் அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"தம்பி, ரெண்டும் ஏழரை. புதுசாக் குடிபோற பிள்ளையை ஏழடிக்குள்ளை விட ஏலாது."

"அதெல்லாம் பழைய கதை ஐயா."

"பழைய கதைதான். என்ரை பிள்ளை எனக்குப் புதுசெல்லோ. மற்ற ரெண்டு அறையும் நல்லம். இது ரெண்டுக்குள்ளையும் நெல்லு மூடை அடுக்கலாம். ரெண்டறை வீட்டு விலைக்கெண்டால் எடுக்கிறன். ஏழாயிரம்."

நாலறை இரண்டறை ஆயிற்று. குசினி அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு சிரிப்பு!

மே 22, புதன்

சபேசன் சுவரை இடிக்கப் பார்த்தான். மேசன் தலையைச் சொறிந்தான்: இடிக்கலாம், பழைய சுவரும் வெடிக்கும், யன்னல் நிலை புதிதாய்ச் செய்யவேணும். அதற்குள் லீவு முடியும். வெள்ளவத்தைக்காரன் முற்பணத்துக்கு நெருக்குகிறான்.

முருகேசர் மசியவில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியட்டும், எழுதுவோம், விலை ஏழுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறு ஆளும் இல்லை. சந்தையில் மீன்காரியே என்னிடம் கேட்கிறாள்: "ஏழடி வீடு உங்கடையோ அம்மா?"

இரவு சாப்பிடும்போது: "சரி அக்கா. ஏழுக்கே குடுப்பம்."

"அப்ப முறைப்படி என்னைக் கேள்."

சோற்றை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏழில் பாதி மூன்றரைதானே. இருக்கிறது. கலியாணத்துக்கென்று அம்மா செய்து வைத்த காப்பில் கைகூட வைக்கத் தேவையில்லை.

"வெளியிலை விலை குறைஞ்சதாலைதானே அக்கா... ஒன்பதெண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"நீதானே தம்பி ஆறாயிரம் வைச்சிருக்கச் சொன்னாய்."

எழும்பிக் கைகழுவப் போனான்.

மே 26, ஞாயிறு

நல்ல வெயில். கோழிக்குஞ்சு ஒன்பது.

நேற்று பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டில் எழுத்து முடிந்தது. அவன் கையெழுத்தும் என் கையெழுத்தும். வீடு முழுக்க என் பேரில். முருகேசருக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன், கோபிக்கவில்லை.

சந்தோஷமா? கிடையாது. ஒன்பது விலைக்கே நான் கேட்டேன். நாலரை கொடுத்திருப்பேன், காப்பையும் விற்று. இவன் கேட்டிருந்தால் அதற்கு மேல் கடனும் பட்டிருப்பேன். கேட்கவில்லையே.

இன்று இரவுக் கோச்சி. நண்டுக் கறி வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றவன் திரும்பினான்.

"அக்கா, சுவருக்கு நானூறு முடிஞ்சுது. வீட்டுக்குத்தானே போட்டது. பாதியெண்டாலும் தாங்கோ."

"பாதி என்னத்துக்கு தம்பி? சுவர் முழுக்க உன்ரைதான். கோச்சியிலை ஏத்திக்கொண்டு போ."

நாளை காலை இராசு மேசன். சுவரை இடிக்க அலவாங்கு கொண்டுவரச் சொல்லியாயிற்று. மல்லாவிப் பிள்ளைக்கு இன்னும் நோவு தொடங்கவில்லையாம். இரண்டாவது கட்டிலைக் கழுவிப் பகல் வெயிலில் காயவைத்தாயிற்று.